உறவுமுறை என்ற கட்டம்

தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் என்றால், ஆணும் ஆணும் அல்லது பெண்ணும் பெண்ணும் செய்துகொள்ளும் மணத்தை அரசு தன் பதிவேட்டில் எழுதிக்கொள்வது. மாலை மாற்றுவதையோ மோதிரம் போடுவதையோ, நாலு பேரைக் கூட்டி விருந்து வைப்பதையோ இந்தியாவில் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. இருவர் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்வதும் குற்றமில்லை. இத்தனையும் முடிந்த பிறகு பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால், விண்ணப்பத்தில் ‘கணவர்’ என்று ஒரு கட்டமும் ‘மனைவி’ என்று ஒரு கட்டமும்தான் இருக்கும். அங்கேதான் வழி அடைபடுகிறது.

அந்த ஒரு காகிதம் இல்லாவிட்டால் என்ன குறைந்துபோகும் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பவர்கள் பெரும்பாலும் திருமணச் சான்றிதழைப் பீரோவில் வைத்து மறந்துபோனவர்கள். மறந்துபோகக் காரணம், அதை யாரும் அவர்களிடம் கேட்பதில்லை. ‘இவர் என் கணவர்’ என்று வாயால் சொன்னாலே எந்த கவுண்ட்டரிலும் வேலை நடந்துவிடுகிறது. அப்படிச் சொல்ல முடியாதவருக்குத்தான் ஒவ்வொரு கவுண்ட்டரும் தனித்தனியாகத் தெரியவரும்.

முதல் கவுண்ட்டர் மருத்துவமனை. அறுவை சிகிச்சைக்கு முன் நீட்டப்படும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘நோயாளிக்கு உறவுமுறை’ என்று ஒரு கோடு இருக்கும். பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்த பெண் அந்தக் கோட்டில் ‘தோழி’ என்றுதான் எழுத முடியும். எழுதினால் நர்ஸ் நிமிர்ந்து பார்த்து, “அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்பார். அவர்மேல் தப்பில்லை, படிவம் அப்படித்தான் அச்சிடப்பட்டிருக்கிறது. உறுப்பு தானம் என்றால் சிக்கல் இன்னும் கூடும். 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் வாழ்க்கைத்துணை ‘நெருங்கிய உறவினர்’ பட்டியலில் வருகிறார். அந்தப் பட்டியலுக்கு வெளியே உள்ள யார் சிறுநீரகம் கொடுக்க வந்தாலும் அனுமதிக் குழுவின் முன் போய் நிற்க வேண்டும்.

அடுத்தது பணம். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் ‘குடும்பம்’ யார் யார் என்று 1952ஆம் ஆண்டுத் திட்டமே வரையறுத்துவிட்டது: மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உறுப்பினரைச் சார்ந்திருக்கும் பெற்றோர் என அது நீள்கிறது. குடும்பம் என்று ஒன்று இருக்கும்போது அதற்கு வெளியே ஒருவரை நாமினியாகப் போட்டால் அந்த நியமனம் செல்லாது. ஆயுள் காப்பீட்டில் யாரை வேண்டுமானாலும் நாமினியாக எழுதலாம். ஆனால் காப்பீட்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவில் பணத்துக்கு உரிமையாளராகவே ஆகும் நாமினிகள் பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் ஆகியோர்தான். மற்ற நாமினிகள் பணத்தை வாங்கிச் சட்டப்படியான வாரிசிடம் ஒப்படைக்கக் கடமைப்பட்டவர்கள். வங்கிக் கணக்கிலும் இதே நிலைமைதான். நாமினி என்றால் வாரிசு என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் நம்மிடையே அதிகம். கணவன் மனைவிக்கு இரண்டும் ஒரே ஆளாக அமைந்துவிடுவதால் அந்தத் தவறு வெளியே தெரிவதில்லை.

சொத்துக்கு உயில் எழுதலாம். சுயசம்பாத்தியத்தை யாருக்கும் எழுதிவைக்க உரிமை உண்டு. உயில் இல்லாமல் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உறவினர்கள் வரிசையாக வருவார்கள். கூடவே வாழ்ந்தவர் அந்த வரிசையிலேயே இல்லை. உயிரோடு இருக்கும்போதே வீட்டில் பாதியை எழுதிக்கொடுக்கலாம் என்றால் சார்பதிவாளர் அலுவலகம் குறுக்கே வருகிறது. தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் செட்டில்மென்ட் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. குடும்பம் அல்லாதவருக்கு எழுதினால் 7 சதவீதம். வருமான வரியிலும் அப்படியே. வாழ்க்கைத்துணை கொடுக்கும் அன்பளிப்பு எவ்வளவு பெரியதானாலும் அதற்கு வரி இல்லை; உறவினர் அல்லாதவரிடமிருந்து ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் அது வருமானம்.

குழந்தைகள் விஷயத்தில் கதவு முழுதாகவே சாத்தியிருக்கிறது. 2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு விதிகளின்படி, குறைந்தது இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்க்கை உள்ள தம்பதிக்குத்தான் ஜோடியாகத் தத்து கிடைக்கும். இருவரில் ஒருவர் ‘தனி நபர்’ என்று விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் பிள்ளைக்குச் சட்டப்படி ஒரே பெற்றோர். மற்றவர் பள்ளிக் கட்டணம் கட்டலாம், ராத்திரி காய்ச்சலுக்கு விழித்திருக்கலாம், அவ்வளவுதான். 2021ஆம் ஆண்டின் வாடகைத்தாய்ச் சட்டம் தம்பதி என்றாலே மணமான ஆணும் பெண்ணும் என்று எழுதிவிட்டது.

குற்றம் நீங்கிய வரலாறு

திருமணம் பற்றிப் பேசுவதற்கு முன்பு இந்த மனிதர்கள் குற்றவாளிகள் இல்லை என்று ஆக வேண்டியிருந்தது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிட்டிஷ் அரசு எழுதிவைத்த 377ஆவது பிரிவு, ‘இயற்கைக்கு மாறான’ உடலுறவுக்கு ஆயுள் தண்டனை வரை கொடுத்தது. 2009 ஜூலை 2இல் டெல்லி உயர் நீதிமன்றம், வயது வந்தோர் மனம் ஒப்பித் தனிமையில் கொள்ளும் உறவை அந்தப் பிரிவிலிருந்து விடுவித்தது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நான்கு ஆண்டு குற்றமற்றவர்களாக இருந்தவர்கள் ஒரே நாளில் மறுபடி குற்றவாளிகள் ஆனார்கள். இந்தியச் சட்ட வரலாற்றில் இப்படியொரு விசித்திரம் அபூர்வம். பிறகு 2014இல் திருநர்களின் பாலின அடையாள உரிமையை ஏற்ற தீர்ப்பும், 2017இல் அந்தரங்க உரிமைத் தீர்ப்பும் வந்தன. 2018 செப்டம்பர் 6இல், நடனக் கலைஞர் நவ்தேஜ் சிங் ஜோஹரும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அந்தப் பகுதியை நீக்கினார்கள்.

குற்றம் போனதும் அடுத்த கேள்வி தானாகவே எழுந்தது. சேர்ந்து வாழ்வது உரிமை என்றால், அந்த வாழ்வை அரசு கணக்கில் எடுத்துக்கொள்ளுமா?

பத்து நாள் விசாரணை

2022 நவம்பரில் ஹைதராபாத்தில் வாழும் ஓர் ஆண் தம்பதியர் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார்கள். அவர்கள் மனுவோடு மற்ற மனுக்களும், டெல்லி, கேரள உயர் நீதிமன்றங்களில் இருந்த வழக்குகளும் சேர்க்கப்பட்டன. அந்தத் தம்பதியரில் ஒருவரின் பெயரால் சுப்ரியோ வழக்கு என்று இன்று அழைக்கப்படுவது இந்தத் தொகுப்புதான். 2023 ஏப்ரல் 18 முதல் மே 11 வரை பத்து நாள் வாதம் நடந்தது. தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதிகள் சஞ்சய் கிஷன் கௌல், எஸ். ரவீந்திர பட், ஹிமா கோஹ்லி, பி.எஸ். நரசிம்மா அமர்வில் இருந்தார்கள். விசாரணை நேரடியாக ஒளிபரப்பானதால், குடும்பம் என்றால் என்ன என்ற சர்ச்சையை நாடு முழுவதும் தன் கூடத்தில் உட்கார்ந்தே கேட்டது.

மதவாரித் தனிச்சட்டங்களைத் தொடப்போவதில்லை என்று அமர்வு ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டது. மிஞ்சியது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். சாதி, மதம் கடந்து மணப்பவர்களுக்காக வந்த சட்டம் அது. அதன் 4ஆம் பிரிவு ‘எந்த இரு நபர்களுக்கும் இடையில்’ நடக்கும் திருமணம் என்றுதான் தொடங்குகிறது. மனுதாரர்கள் பிடித்துக்கொண்ட கொழுகொம்பு அந்த ‘இரு நபர்கள்’. அதே பிரிவு சில வரி தள்ளி, ஆணுக்கு 21 வயதும் பெண்ணுக்கு 18 வயதும் நிறைந்திருக்க வேண்டும் என்கிறது. அரசுத் தரப்பின் பிடி அது. ‘கணவன்’, ‘மனைவி’ என்று வரும் இடங்களில் ‘வாழ்க்கைத்துணை’ என்று படித்தால் போதும் என்றார்கள் ஒரு பக்கம். படித்துப் பாருங்கள், ஜீவனாம்சம் யார் யாருக்குக் கொடுப்பது, மனைவிக்கு மட்டும் உள்ள விவாகரத்துக் காரணங்கள் யாருக்குப் பொருந்தும், வாரிசுரிமைச் சட்டத்தில் விதவை யார் என்று அடுக்கினார் சொலிசிட்டர் ஜெனரல் துஷார் மேத்தா. ஒரு நூலை இழுத்தால் துணியே பிரிந்துவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். பரிகாசம் செய்யத்தக்க வாதம் இல்லை அது. சட்டங்கள் உண்மையிலேயே அப்படித்தான் பின்னிக் கிடக்கின்றன.

ஆனால் அதே அரசு, இது நகரத்து மேட்டுக்குடியின் ஆசை என்றும் எழுத்துபூர்வமாகச் சொன்னது. இந்த வாதம் நிற்கவில்லை. பட்டிக்காட்டில் வயலில் வேலை செய்யும் பெண்ணும் இந்த ஈர்ப்பு உடையவளாக இருக்கலாம் என்று தலைமை நீதிபதி தன் தீர்ப்பில் எழுதினார். கருத்துக் கேட்கப்பட்ட மாநிலங்களில் ஏழு பதில் அனுப்பின. ராஜஸ்தான், ஆந்திரம், அசாம் ஆகியவை எதிர்த்தன. மற்ற நான்கும் ஆலோசிக்க அவகாசம் கேட்டன. ஜமியத் உலமா-இ-ஹிந்த் போன்ற மத அமைப்புகளும் எதிர்த்து வாதிட்டன. எல்லா விஷயத்திலும் எதிரெதிராக நிற்கும் மதத் தலைவர்கள் இந்த ஒன்றில் தோளோடு தோள் நின்றார்கள்.

2023 அக்டோபர் 17இல் வந்த தீர்ப்பு 366 பக்கம், நான்கு தனித்தனி உரைகள். அரசியல் சாசனத்தில் திருமணம் செய்துகொள்ளும் அடிப்படை உரிமை என்று ஒன்று இல்லை என்பதில் ஐவரும் ஒன்று. சிறப்புத் திருமணச் சட்டத்தில் நீதிமன்றம் சொற்களை மாற்ற முடியாது, அது நாடாளுமன்றத்தின் வேலை என்பதிலும் ஒன்று. திருநங்கை ஆணையோ திருநம்பி பெண்ணையோ மணப்பது இப்போதுள்ள சட்டங்களின்படியே செல்லும் என்பதிலும் ஒன்று. பிரிந்தது அடுத்த படியில். திருமணம் என்ற பெயர் இல்லாவிட்டாலும் இருவர் இணைந்து வாழும் உறவை அங்கீகரிக்க அரசுக்குக் கடமை உண்டு, தத்தெடுப்பு விதி பாரபட்சமானது என்றார்கள் சந்திரசூட்டும் கௌலும். பட், கோஹ்லி, நரசிம்மா மூவரும் அதை ஏற்கவில்லை. உறவு கொள்ளும் சுதந்திரம் உண்டு, அதற்குச் சட்டத் தகுதி கொடு என்று அரசைக் கேட்கும் உரிமை இல்லை என்பது பெரும்பான்மை. மூன்றுக்கு இரண்டு.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பட்டும், வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதியம் போன்றவற்றில் இவர்கள் இழப்பதை மறுக்கவில்லை. இழப்பு உண்மை என்று ஒப்புக்கொண்டு, மருந்தை அமைச்சரவைச் செயலாளர் தலைமையிலான ஒரு குழுவிடம் விட்டுவிட்டார். கெடு எதுவும் வைக்கவில்லை. தீர்ப்பின் பலவீனமான இடம் இதுதான். உரிமை இல்லை என்று சொல்வது ஒரு நிலைப்பாடு. அநீதி இருக்கிறது என்று எழுதிவிட்டு நாள் குறிக்காமல் எழுந்துபோவது அதைவிடச் சங்கடமானது. மறுஆய்வு மனுக்களை 2025 ஜனவரி 9இல் ஐந்து நீதிபதிகள் தங்கள் அறையிலேயே பரிசீலித்துத் தள்ளுபடி செய்தார்கள். முதல் அமர்வில் இருந்தவர்களில் நரசிம்மா மட்டுமே அப்போது பதவியில் இருந்தார்.

சென்னையும் மதுரையும்

டெல்லியில் இப்படி முடிந்த கதை சென்னை உயர் நீதிமன்றத்தில் வேறு பாதையில் நகர்ந்துகொண்டிருந்தது. 2018 அக்டோபரில் தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் மணந்தார்கள். பதிவு செய்ய மறுத்தார்கள். 2019 ஏப்ரல் 22இல் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்றார். சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஒரு சொல்லின் பொருள் விரிந்தது. நான்கு ஆண்டு கழித்து உச்ச நீதிமன்றம் தொட்டது இதே முடிவைத்தான்.

இரண்டாவது வழக்கு மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரு இளம்பெண்களுடையது. பெண்களைக் காணோம் என்று பெற்றோர் போலீஸில் புகார் கொடுக்க, பாதுகாப்பு கேட்டு அவர்கள் நீதிமன்றம் வந்தார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் செய்தது வழக்கத்துக்கு மாறானது. இந்த விஷயத்தில் தனக்கே முழுப் புரிதல் இல்லை என்று உத்தரவிலேயே எழுதி, ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டறிந்தார். 2021 ஜூன் 7இல் வந்த தீர்ப்பு, மனம் ஒப்பிய வயது வந்தோர் உறவு என்று தெரிந்தால் காணாமல்போன புகாரைப் போலீஸ் முடித்துவிட வேண்டும் என்றது. ஈர்ப்பை ‘மாற்றுவதாக’ச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை போட்டது. வழக்கு அதோடு முடியாமல் தொடர் உத்தரவுகளாக நீண்டது. காவலர் நடத்தை விதிகளில் துன்புறுத்தலுக்கு எதிரான ஒரு விதி சேர்ந்தது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் மாற்றுச் சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு இந்தச் சமூகத்தினரைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ஒரு தலைமுறைக்கு முன் தமிழ்ப் பத்திரிகைகளில் இவர்களுக்கு வசைச்சொல்லும் நோயின் பெயரும் தவிர வேறு பெயர் கிடையாது என்பதை நினைத்தால், இந்தப் பட்டியலின் எடை புரியும். சொற்களை யாரும் சண்டையில்லாமல் ஏற்கவில்லை என்பது தனிக் கதை.

2023 நவம்பரில், உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் மை காய்வதற்குள், அந்த இரு பெண்களின் வழக்கில் இன்னொரு யோசனை வந்தது. திருமணம் இல்லையென்றால் ‘குடும்ப இணைவுப் பத்திரம்’ என்று ஓர் ஆவணத்தை இருவரும் எழுதிப் பதிவுசெய்ய வழி வைக்கலாமே என்று மனுதாரர் தரப்பு கேட்டது. அதைத் தமிழக அரசு பரிசீலிக்க வேண்டும் என்று நீதிபதி சொன்னார். கணவன் மனைவி என்ற சொற்களைத் தொடாமல், இவர்கள் இருவரும் ஒரு குடும்பம் என்று ஒரு தாளில் எழுத வைக்கும் உத்தி அது.

2025 மே 22இல் வந்த தீர்ப்பு இந்தத் திசையில் இன்னும் ஓரடி வைத்தது. இருபத்தைந்து வயதுப் பெண்ணை அவர் வீட்டார் அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று ஆட்கொணர்வு மனு. தொடுத்தவர் அவருடைய இணை. ஆனால் மனுவில் அவர் தன்னை ‘நெருங்கிய தோழி’ என்றுதான் குறிப்பிட்டிருந்தார். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அந்தத் தயக்கம் புரிகிறது என்று எழுதினார்கள். மருத்துவமனைப் படிவத்தில் எழுதப்படும் அதே சொல் உயர் நீதிமன்றத்து மனுவிலும் வந்து உட்கார்ந்திருந்தது. சுப்ரியோ தீர்ப்பு திருமணத்தைச் சட்டமாக்காமல் இருக்கலாம், ஆனால் இவர்கள் ஒரு குடும்பம் அமைக்கத் தடை இல்லை, குடும்பத்துக்குத் திருமணம் ஒன்றே வாசல் இல்லை என்றது அமர்வு. அந்தப் பெண் விரும்பிய இடத்துக்குப் போனார். பதிவேடு அப்படியேதான் இருக்கிறது.

7ஏ என்னும் முன்னுதாரணம்

திருமணம், விவாகரத்து, தத்து, வாரிசுரிமை ஆகியவை அரசியல் சாசனத்தின் பொதுப்பட்டியலில் ஐந்தாவது இனம். நாடாளுமன்றமும் சட்டம் செய்யலாம், சட்டமன்றமும் செய்யலாம். மத்தியச் சட்டத்தோடு மோதினால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். இந்த அதிகாரத்தை மெட்ராஸ் பலமுறை பயன்படுத்தியிருக்கிறது. இந்துத் திருமணச் சட்டம் வருவதற்கு ஆறு ஆண்டு முன்பே, 1949இல், இருதார மணத்தைத் தடுத்து விவாகரத்துக்கு வழிவைத்த மாகாணம் இது. அவற்றிலெல்லாம் பெரியது சுயமரியாதைத் திருமணம்.

1920களின் பிற்பகுதியிலிருந்து புரோகிதர் இல்லாமல், மந்திரம் இல்லாமல், தலைவர் ஒருவர் முன்னிலையில் மாலை மாற்றி ஆயிரக்கணக்கான மணங்கள் நடந்தன. மேடையில் பேச்சு உண்டு, பந்தி உண்டு, ஊரறிந்த குடித்தனம் உண்டு. சட்டம் மட்டும் இல்லை. 1950களில் ஒரு சொத்து வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், இப்படி நடந்த மணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்றது. சாஸ்திரச் சடங்கோ நெடுங்கால வழக்கமோ இரண்டில் ஒன்று வேண்டும், இவர்களிடம் இரண்டும் இல்லை என்பது காரணம். மாலை மாற்றியபோது கைதட்டிய ஊர், சொத்துப் பிரிக்கும்போது அந்தப் பெண்ணை மனைவி இல்லை என்றது. அவள் பிள்ளைகளுக்கு என்ன பெயர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணாதுரை முதலமைச்சரான 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாரேனும் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற எந்த மொழியிலும் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலை மாற்றலாம், விரலில் மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஏதேனும் ஒன்று நடந்தால் மணம் முழுமை. அதற்கு முன்பு நடந்த மணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்றும் எழுதிவைத்தார்கள். முதல் மணத்துக்கும் இந்தச் சட்டத்துக்கும் நடுவே சுமார் நாற்பது ஆண்டு. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவின் கீழ் வழக்கறிஞர் முன்னிலையில் தனிப்பட நடக்கும் மணமும் செல்லும் என்று உறுதிசெய்தது.

சொத்துக்காகவும் பிள்ளைகளின் பெயருக்காகவும் ஒரு மாநிலம் மத்தியச் சட்டத்தில் ஒரு பிரிவைச் செருகிய இந்த அனுபவம், தன்பாலினத் திருமண விவாதத்தில் போதிய கவனம் பெறவில்லை. 7ஏ சடங்கை மாற்றியது, மணப்பவர்களின் பாலினத்தை அல்ல. ‘மனைவியாக, கணவனாக’ ஏற்கிறேன் என்ற சொற்கள் அதிலும் அப்படியே நிற்கின்றன. ஆகவே இரண்டும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. மாநிலத்தால் முடியாத காரியம் என்றும் சொல்லிவிட முடியாது.

சொல்லை மாற்றிய நாடுகள்

முதலில் டென்மார்க் 1989இல் ‘பதிவுசெய்த இணை’ என்று தனிப்பெயர் வைத்துக் கதவைத் திறந்தது. திருமணம் என்ற பெயரையே முதலில் கொடுத்தது நெதர்லாந்து. 2001 ஏப்ரல் 1 நள்ளிரவு கழிந்ததும் ஆம்ஸ்டர்டாம் மேயர் நான்கு ஜோடிகளுக்கு மணம் செய்துவைத்தார். அவர்கள் சிவில் சட்டத்தில் மாற்றியது ஒரு வாக்கியம்: மாற்றுப் பாலினத்தவரோ ஒரே பாலினத்தவரோ ஆன இரு நபர்கள் மணக்கலாம். இன்று உலகில் ஏறக்குறைய 38 நாடுகள் இந்த வரிசையில் இருக்கின்றன. ஈழத் தமிழர்கள் பெருமளவில் குடியேறிய கனடாவில் 2005 முதலும், இங்கிலாந்தில் 2014 முதலும் இது சட்டம். அயர்லாந்து மக்களையே கேட்டது; 2015 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் 62 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம் 2005 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு ஓராண்டு கெடு வைத்தது. கெடு முடிய ஒருநாள் இருக்கும்போது, 2006 நவம்பர் 30இல் சட்டம் வந்தது.

அமெரிக்காவின் இரு வழக்குகளும் காகித வழக்குகளே. இடித் விண்ட்சர் என்ற மூதாட்டியின் மனைவி 2009இல் இறந்தபோது, மத்திய அரசு அவரை அந்நியராகக் கணக்கிட்டு வாரிசுச் சொத்து வரியாக 3,63,053 டாலர் வாங்கியது. 2013இல் அவர் வென்றார். ஜிம் ஓபர்கெஃபெல் கேட்டது அதைவிடச் சிறியது. மரணப் படுக்கையில் இருந்த ஜான் ஆர்தரை மருத்துவ விமானத்தில் மேரிலாந்துக்கு அழைத்துப்போய், விமான நிலையத்தில் நின்ற விமானத்துக்குள்ளேயே மணந்தார். ஊர் திரும்பினால் ஒஹையோ மாநிலம் அந்த மணத்தை ஏற்காது. இறப்புச் சான்றிதழில் ‘உயிரோடிருக்கும் துணை’ என்ற கட்டத்தில் தன் பெயர் வேண்டும் என்பதுதான் அவர் வழக்கு. 2015 ஜூன் 26இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தக் கட்டம் நாடு முழுவதும் நிரம்பியது.

ஆசியாவில் தைவான் முதல். 2017 மே 24இல் அதன் நீதிமன்றம் இரண்டு ஆண்டு கெடு கொடுத்தது. நடுவே 2018 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில், சிவில் சட்டத்தைத் தொடக்கூடாது என்று மக்கள் சொல்லிவிட்டார்கள். நீதிமன்றமும் வாக்காளரும் எதிரெதிரே நிற்க, சட்டமியற்றுவோர் ஒரு தந்திரம் செய்தார்கள். சிவில் சட்டத்தைத் தொடாமல் தனிச்சட்டம் எழுதினார்கள்; தலைப்பில் திருமணம் என்ற சொல்லே இல்லை, ‘748ஆம் எண் விளக்கத்தைச் செயல்படுத்தும் சட்டம்’ என்று பெயர். உள்ளே நான்காம் பிரிவில்தான் திருமணப் பதிவு என்ற சொல் ஒளிந்திருக்கிறது. கெடு முடிந்த அன்றே, 2019 மே 24இல், பதிவு தொடங்கியது. தாய்லாந்து நேர்வழியில் போனது. சிவில் சட்டத்தில் ‘ஆண், பெண்’ என்பதை ‘நபர்கள்’ என்றும் ‘கணவன், மனைவி’ என்பதை ‘வாழ்க்கைத்துணை’ என்றும் மாற்றியது. மேலவையில் 130 பேர் ஆதரவு, 4 பேர் எதிர்ப்பு. 2025 ஜனவரி 23, முதல் நாளிலேயே 1,800க்கும் மேற்பட்ட ஜோடிகள் பதிவு செய்தார்கள். டெல்லியில் துணி பிரிந்துவிடும் என்று அஞ்சப்பட்ட அதே இழையைத்தான் அங்கே மாற்றி நெய்தார்கள்.

பக்கத்து நாடுகளில் நேபாளம் 2023 ஜூனில் உச்ச நீதிமன்ற இடைக்கால உத்தரவு மூலம் தனிப் பதிவேடு திறந்தது. உத்தரவு இருந்தும் கீழ் நீதிமன்றங்கள் மறுக்க, நவம்பர் இறுதியில் லம்ஜுங் மாவட்டத்து ஊராட்சி ஒன்றில்தான் முதல் பதிவு நடந்தது. இலங்கையில் பேச்சு இன்னும் திருமணத்துக்கு வரவில்லை. தண்டனைக் கோவையின் 365, 365ஏ பிரிவுகளை நீக்கும் மசோதாவுக்குத் தடையில்லை என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதோடு நிற்கிறது. சிங்கப்பூர் 2022இல் தன் 377ஏ பிரிவை நீக்கியது. அதே கையோடு, திருமணத்தின் வரையறையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாதபடி அரசியல் சாசனத்தையும் திருத்தியது. மலேசியாவில் குற்றப் பிரிவே நீடிக்கிறது.

குழுவுக்குப் பின்

உச்ச நீதிமன்றம் சொன்ன குழு 2024 ஏப்ரலில் அமைந்தது. அதன் பிறகு சில கடிதங்கள் போயின. தன்பாலினத் துணைவர் இருவரையும் ஒரே வீட்டாராகக் கருதி ரேஷன் கார்டு கொடுக்கலாம் என்று உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியது. கூட்டுக் கணக்கு திறக்கவோ ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவோ தடையில்லை என்று 2024 ஆகஸ்ட் 28இல் நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. தடை எப்போதும் இருந்ததில்லை. இருந்தது கிளை மேலாளரின் தயக்கம். நெருங்கிய உறவினர் இல்லாதபோது உடலைத் துணைவர் பெற்றுக்கொள்ளலாம் என்று சுகாதார அமைச்சகம் எழுதியது. ‘இல்லாதபோது’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பல ஆண்டு பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் ஒருவர் வந்து நின்றால், பிணவறை வாசலில் முன்னுரிமை அவருக்கே.

இவை எல்லாம் அறிவுரைக் கடிதங்கள். வைப்பு நிதித் திட்டத்தின் குடும்ப வரையறை, குடும்ப ஓய்வூதிய விதிகள், தத்தெடுப்பு விதி, வாரிசுரிமைச் சட்டம் எதிலும் இவற்றால் ஒரு வரி மாறவில்லை. தமிழகத்தில் குடும்ப இணைவுப் பத்திரம் யோசனை அளவிலேயே இருக்கிறது.

திருமணத்தைக் கேட்டு மொத்தமாகப் போன வழக்கு தோற்றதால், இப்போது தனித்தனிச் சொற்களைக் குறிவைத்து வழக்குகள் வருகின்றன. மும்பையில் ஒரு ஆண் தம்பதியர், ஒருவருக்கொருவர் கொடுக்கும் அன்பளிப்புக்கு மட்டும் ஏன் வரி என்று வருமான வரிச் சட்டத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம் போயிருக்கிறார்கள். அவர்கள் திருமணப் பதிவு கேட்கவில்லை. ‘உறவினர்’ பட்டியலில் முதலில் வரும் ‘வாழ்க்கைத்துணை’ என்ற சொல்லில் தாங்களும் அடங்குவோமா என்பது மட்டுமே கேள்வி. 2025 ஆகஸ்டில் அந்த மனுவை விசாரணைக்கு எடுத்துக்கொண்ட நீதிமன்றம், இந்தியாவின் அட்டர்னி ஜெனரலுக்கு நோட்டீஸ் அனுப்பியது.